மதுரைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் வாடகைக்கு ஏற்ற பகுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மதுரைக்கு வேலை மாற்றலாகி வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, குடியிருக்க நல்ல ஏரியா எது என்பதுதான். கே.கே. நகர், அண்ணா நகர், எஸ்.எஸ். காலனி என்று மூன்று பெயர்களைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேரப் போகிறவர் கே.கே. நகரில் குடியேறினால், அது எவ்வளவு நல்ல பகுதியாக இருந்தாலும், அவர் நாள்தோறும் ஊரின் வடகிழக்குப் பக்கத்திலிருந்து தென்மேற்குக் கோடிக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். ஆறே மாதத்தில் அவர் வேறு வீடு தேடத் தொடங்குவார். அதற்குள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருப்பார், புரோக்கருக்குக் கமிஷன் கொடுத்திருப்பார், அட்வான்ஸைத் திரும்ப வாங்குவதற்காக வீட்டுக்காரரிடம் அலைந்துகொண்டும் இருப்பார்.

ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் ஒரு பட்டியலைக் கொடுப்பதைவிட, தேடும் முறையைச் சொல்வதே பயன்தரும் என்று கருதுகிறேன். வேலையிடத்தை வைத்துத் திசையை முடிவுசெய்யுங்கள். தண்ணீரை வைத்துத் தெருவை முடிவுசெய்யுங்கள். வீட்டின் அறைகளையும் தரையையும் அலமாரியையும் கடைசியாகப் பாருங்கள். மதுரையில் வீடு மாறியவர்கள் பலரிடம் காரணம் கேட்டிருக்கிறேன். வீடு சிறியது என்பதற்காக மாறியவர்களைவிட, போக்குவரத்துக்காகவும் தண்ணீருக்காகவும் மாறியவர்களே அதிகம்.

ஆற்றுக்கு எந்தக் கரை?

வைகை ஆறு நகரை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிக்கிறது. மீனாட்சி அம்மன் கோயில், நான்கு மாசி வீதிகள், ரயில்வே ஜங்ஷன், பெரியார் பேருந்து நிலையம், ஆரப்பாளையம் பேருந்து நிலையம் ஆகியவை தென்கரையில் உள்ளன. மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தல்லாகுளத்தில் உள்ள மாநகராட்சி அலுவலகம், அரசு ராஜாஜி மருத்துவமனை, மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம், உயர் நீதிமன்றக் கிளை ஆகியவை வடகரையில் உள்ளன. இரண்டு கரைகளையும் இணைக்கப் பல பாலங்கள் இருந்தாலும், 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஏ.வி. பாலமும் அதன் வடமுனையில் உள்ள கோரிப்பாளையம் சந்திப்பும்தான் நெரிசலின் நடுப்புள்ளி. காலை 9 மணி முதல் 10.30 வரையிலும் மாலை 5.30 முதல் 8 மணி வரையிலும் அந்தச் சந்திப்பைக் கடப்பதற்கு ஆகும் நேரத்தை வரைபடத்தில் உள்ள கிலோமீட்டர் கணக்கு உங்களுக்குக் காட்டாது. சிம்மக்கல்லிலிருந்து தல்லாகுளம் கூப்பிடு தொலைவுதான். ஆனால் அலுவலகம் விடும் நேரத்தில் அந்தத் தொலைவு வேறு.

எனவே முதல் விதியாக, வேலையிடம் எந்தக் கரையில் இருக்கிறதோ அதே கரையில் வீடு பாருங்கள். மனைவி வடகரையிலும் கணவர் தென்கரையிலும் வேலை பார்க்கும் வீடுகளில் இது முடியாது. அப்போது கோரிப்பாளையத்தைத் தொடாமல் ஆற்றைக் கடக்கும் வழி யாருக்கு அமைகிறது என்று பாருங்கள். தெப்பக்குளத்துக்கும் அண்ணா நகருக்கும் இடையிலுள்ள பாலம், குருவிக்காரன் சாலைப் பாலம், ஆரப்பாளையத்திலிருந்து தத்தனேரிப் பக்கம் செல்லும் பாலம், கிழக்கே விரகனூரில் ரிங் ரோட்டுப் பாலம் ஆகியவற்றில் ஒன்று உங்கள் பாதையில் வருமானால் பெரும் பாரம் குறையும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒரு சாலைப் பெயரில் அடிக்கடி குழம்புகிறார்கள். மதுரையில் ‘பைபாஸ் ரோடு’ என்றால் காளவாசலிலிருந்து பொன்மேனி வழியாகப் பழங்காநத்தம் செல்லும் சாலை. இது நகருக்குள்ளேயே, கடைகளும் மருத்துவமனைகளும் நிறைந்து கிடக்கிறது. ‘ரிங் ரோடு’ என்பது உத்தங்குடியில் தொடங்கி, பாண்டிகோயில், விரகனூர், சிந்தாமணி வழியாகக் கப்பலூரில் முடியும் கிழக்கு, தெற்குப் புறச் சுற்றுச்சாலை. ‘நான்கு வழிச்சாலை’ என்று சொன்னால் பெரும்பாலும் சமயநல்லூரிலிருந்து நகரின் மேற்குப் புறமாகக் கப்பலூருக்கு இறங்கும் தேசிய நெடுஞ்சாலையைக் குறிக்கும். ‘பைபாஸ் பக்கத்தில் வீடு’ என்று விளம்பரத்தில் கண்டால், இவற்றுள் எது என்று கேட்டுக்கொள்ளாமல் புறப்படாதீர்கள்.

வேலையிடத்திலிருந்து வீட்டை நோக்கி

உயர் நீதிமன்றக் கிளை, இலந்தைக்குளம் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, மேலூர் சாலையில் உள்ள மருத்துவமனைகள், வெள்ளரிப்பட்டிப் பக்கத்துத் தொழிற்சாலைகள் ஆகியவற்றில் வேலை என்றால், கே.புதூர், சர்வேயர் காலனி, மூன்றுமாவடி, கடச்சனேந்தல், உத்தங்குடி, ஒத்தக்கடை, கே.கே. நகர், அண்ணா நகர், கோமதிபுரம், வண்டியூர் என்று பெரிய வட்டமே கிடைக்கும். இவற்றில் கே.கே. நகரும் அண்ணா நகரும் வசதி நிறைந்தவை. வாடகையும் அதற்கேற்றபடி இருக்கும். கடைத்தெரு, பேருந்து, மருத்துவமனை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் வேண்டும், ஆனால் வாடகை கையைக் கடிக்கக் கூடாது என்கிறவர்களுக்கு நான் கே.புதூரைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். அழகர்கோவில் சாலையில் அமைந்திருப்பதால் பேருந்துக்குக் குறைவில்லை.

ராஜாஜி மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம், தல்லாகுளத்து அலுவலகங்கள் என்றால் நரிமேடு, சின்னச்சொக்கிகுளம், பீபிகுளம், ரிசர்வ் லைன், விஸ்வநாதபுரம் ஆகியவை அருகில் உள்ளன. அங்கே இடம் நெருக்கடி. வீட்டுக்கு முன்னால் இரு சக்கர வாகனம் நிறுத்தவே யோசிக்க வேண்டிய சந்துகள் உண்டு. கொஞ்சம் வடக்கே தள்ளிப் போகத் தயாராக இருப்பவர்களுக்கு நத்தம் சாலை நல்ல திசையாகிவிட்டது. தல்லாகுளத்திலிருந்து செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்த பறக்கும் பாலம் 2023-இல் திறக்கப்பட்ட பிறகு, அய்யர் பங்களா, திருப்பாலை, ஊமச்சிகுளம் ஆகிய இடங்களிலிருந்து நகருக்கு வந்துபோவது எளிதாகியிருக்கிறது. ஆனால் உங்கள் தெருவுக்கு அருகில் பாலத்தில் ஏற வழி இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். ஏற வழியில்லாமல் பாலத்துக்குக் கீழே குடியிருப்பவருக்குப் பழைய சாலைதான் மிஞ்சும்.

வடபழஞ்சி எல்காட் பூங்காவிலோ காமராசர் பல்கலைக்கழகத்திலோ வேலை என்றால், நாகமலை புதுக்கோட்டை, விராட்டிப்பத்து, கோச்சடை, அரசரடி, எஸ்.எஸ். காலனி என்று தேனிச் சாலையையும் காளவாசலையும் ஒட்டித் தேடலாம். தனியாக வருகிற இளைஞர்களுக்குக் காளவாசல் பக்கம் வசதி. சிறு பிள்ளைகளுடன் வருகிறவர்கள் நாகமலை புதுக்கோட்டையின் அமைதியான தெருக்களை ஒரு மாலையில் நடந்து பார்த்துவிட்டு முடிவுசெய்வது நல்லது. கப்பலூர், திருமங்கலம், தோப்பூர்ப் பக்கம் போகிறவர்களுக்குத் திருநகர், ஹார்விபட்டி, தனக்கன்குளம், திருப்பரங்குன்றம், பசுமலை ஆகியவை ஏற்றவை. திருநகரின் தெருக்கள் ஒழுங்காகப் போடப்பட்டவை. வயதான பெற்றோருடன் வருகிறவர்கள் பலர் அங்கே மன நிறைவோடு இருக்கிறார்கள். விமான நிலையம், பெருங்குடி, தெற்கு ரிங் ரோட்டுப் பக்கம் என்றால் வில்லாபுரம், அவனியாபுரம், அனுப்பானடி. வாடிப்பட்டி, சமயநல்லூர்ப் பக்கம் என்றால் விளாங்குடி, கூடல்நகர், பரவை. ரயில்வேயிலும் மாசி வீதிகளின் வணிக நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்களுக்கு எல்லீஸ் நகரும் எஸ்.எஸ். காலனியும் கைக்கெட்டும் தூரம்.

வாடகை குறைவாக இருக்கிறது என்று தூரத்துப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது, மிச்சமாகும் தொகையிலிருந்து பெட்ரோல் செலவைக் கழித்துப் பாருங்கள். வீட்டில் வேலைக்கோ கல்லூரிக்கோ போகும் பெண்கள் இருந்தால், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் அவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பேருந்துகள் நிற்கும் நிறுத்தத்திலிருந்து நடந்து போகக்கூடிய தெருவில் வீடு அமைந்தால், ஆண்டு முழுவதும் நல்ல தொகை மிச்சமாகும். ஆனால் அந்த நிறுத்தத்துக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்பதைப் பக்கத்துத் தேநீர்க்கடையில் கேட்டுவிடுங்கள். இரவுப் பணி முடிந்து வருகிறவருக்கு அந்த ஒரு விவரம் போதும், ஒரு பகுதியைச் சேர்ப்பதற்கோ விலக்குவதற்கோ.

தண்ணீர்

மதுரையில் வீடு பார்க்கும்போது இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு வகைத் தண்ணீர் வேண்டும்: புழங்குவதற்குப் போர்த் தண்ணீர், குடிப்பதற்கும் சமைப்பதற்கும் நல்ல தண்ணீர். போர்த் தண்ணீரின் தரம் பகுதிக்குப் பகுதி மாறுவது மட்டுமல்ல, ஒரே தெருவின் இரண்டு முனைகளிலும்கூட மாறும். ஆகவே ‘இந்த ஏரியாவில் தண்ணீர் நல்லா இருக்கும்’ என்ற பொதுப் பேச்சை நம்பாமல், நீங்கள் குடியேறப் போகும் வீட்டின் குழாயைத் திறந்து பாருங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது ஒரு சிறு சோப்புத் துண்டையும் காலி பாட்டிலையும் கொண்டுபோங்கள். குளியலறைக் குழாயில் கையைக் கழுவிப் பாருங்கள். எவ்வளவு தேய்த்தாலும் நுரை சரியாக வராவிட்டால் தண்ணீரில் உப்பு அதிகம். குழாயின் வாய்ப்பகுதியிலும் ஷவரின் துளைகளிலும் வெள்ளையாகக் கட்டிப் படிந்திருக்கிறதா, டைல்ஸில் தண்ணீர் வழிந்த கோடுகள் வெண்மையாக நிற்கின்றனவா என்று கவனியுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டில் சுவர் எதையும் சொல்லாது, குழாய் சொல்லிவிடும். பாட்டிலில் பிடித்துவந்த தண்ணீரை வீட்டில் கொதிக்க வைத்து ஆறவிட்டால், அடியில் தங்குவது எவ்வளவு என்று தெரியும். இந்த உப்பு வாட்டர் ஹீட்டரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் கெடுக்கும். தலைமுடி கொட்டுகிறது என்று பெண்கள் வருந்துவதும் பெரும்பாலும் இதன் மேல்தான்.

அடுத்தது நல்ல தண்ணீர். மாநகராட்சிக் குழாய் இணைப்பு அந்த வீட்டுக்கு இருக்கிறதா, எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறார்கள், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் வருகிறது, தரைத்தொட்டியில் தானாக விழுகிறதா அல்லது யாராவது விழித்திருந்து குடத்தில் பிடிக்க வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், காலை 10 மணிக்கு அரை மணி நேரம் வரும் தண்ணீரால் பயனில்லை. லோயர் கேம்ப்பிலிருந்து முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை மதுரைக்குக் கொண்டுவரும் திட்டத்துக்காகப் பல வார்டுகளில் புதுக் குழாய்கள் பதித்திருக்கிறார்கள். குழாய் பதித்திருப்பது வேறு, அதில் தண்ணீர் வருவது வேறு. கேட்கும்போது இரண்டையும் பிரித்துக் கேளுங்கள்.

குழாய்த் தண்ணீர் போதாத தெருக்களில் குட்டி யானை வண்டியில் தொட்டி வைத்துக் குடம் கணக்கில் தண்ணீர் விற்பார்கள். கேன் தண்ணீரும் வரும். ஒரு குடம் என்ன விலை, கோடையில் எத்தனை நாளைக்கு ஒரு முறை வண்டி வருகிறது என்று அந்த வண்டிக்காரரிடமே கேட்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் போர் வற்றியதா, லாரித் தண்ணீர் வாங்கினார்களா, அந்தச் செலவை வீட்டுக்காரர் ஏற்றாரா அல்லது குடித்தனக்காரர்கள் தலையில் விழுந்ததா என்பதை வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல், பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் தெருமுனையில் துணி தேய்ப்பவரிடமும் கேளுங்கள். அவர்கள் மறைக்க ஒன்றுமில்லை.

பல குடித்தனங்கள் உள்ள காம்பவுண்டு வீடுகளில் மோட்டார் போடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. வீட்டுக்காரர் காலையில் ஒரு முறை போட்டுவிட்டு ஸ்விட்ச் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விடும் இடங்கள் உண்டு. மேல்நிலைத் தொட்டி தனியா, பொதுவா என்று மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள்.

கண்மாய் இருந்த இடம்

மதுரையைச் சுற்றிலும் வைகைப் பாசனக் கண்மாய்கள் சங்கிலித் தொடராக இருந்தன. வண்டியூர்க் கண்மாய், மாடக்குளம் கண்மாய், தென்கால் கண்மாய், நிலையூர்க் கண்மாய் ஆகியவை இன்றும் இருக்கின்றன. வேறு பல, நகரம் விரிந்தபோது குடியிருப்புகளாகவும் அரசுக் கட்டடங்களாகவும் மாறிவிட்டன. உயர் நீதிமன்றக் கிளை அமைந்திருப்பதே உலகநேரிக் கண்மாய்ப் பகுதியில்தான். தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2024 அக்டோபர் மாதக் கனமழையில் செல்லூர்க் கண்மாய் நிறைந்து பெருகியபோது, பந்தல்குடிக் கால்வாயை ஒட்டிய தெருக்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தென்கரையில் கிருதுமால் நதியின் பாதையை ஒட்டிய தாழ்வான தெருக்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

தரைத்தள வீடு என்றால், வீட்டுத் தளம் சாலை மட்டத்துக்கு மேலே எத்தனை படி உயர்ந்திருக்கிறது என்று பாருங்கள். சாலையை மேலே மேலே போட்டு, வீடு பள்ளத்தில் இறங்கிவிட்ட தெருக்கள் பழைய குடியிருப்புகளில் நிறைய உள்ளன. சுவரின் அடிப்பகுதியில் ஒரே மட்டத்தில் நீளமாக ஓதம் பூத்த கோடு இருந்தால், அது எப்போது வந்தது என்று நேராகக் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறை வந்து பார்க்க முடிந்தால் அதைவிடச் சிறந்த சோதனை கிடையாது.

இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டியது கழிவுநீர். 2011-இல் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் ஆகிய நகராட்சிகளும், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி ஆகிய பேரூராட்சிகளும், சில ஊராட்சிகளும் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டபோது வார்டுகளின் எண்ணிக்கை 72-லிருந்து 100 ஆனது. இப்படிப் பின்னால் சேர்ந்த பகுதிகளிலும், இன்னும் ஊராட்சியாகவே உள்ள புறநகர்களிலும், பாதாளச் சாக்கடை எல்லாத் தெருக்களையும் எட்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செப்டிக் டேங்க் வீடு என்றால், அதை எடுக்கும் செலவு யாருடையது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிப்போட்டு மூடாமல் விட்டிருந்தால், மழைக்காலத்தில் பள்ளி வாகனம் உள்ளே வராது. அவனியாபுரத்தில் வீடு பார்ப்பவர்கள், மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு உள்ள வெள்ளக்கல்லிலிருந்து அந்தத் தெரு எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை மாலை வேளையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

எப்போது தேடுவது, எப்படிப் பார்ப்பது

பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் வீட்டுக்கு முன்பே பள்ளியை முடிவுசெய்ய வேண்டும். மத்திய அரசு ஊழியர்கள் பெரிதும் நாடும் கேந்திரிய வித்யாலயா நரிமேட்டிலும் திருப்பரங்குன்றத்திலும் இருக்கிறது. ஒன்று வடக்கு, மற்றொன்று தெற்கு. எதில் இடம் கிடைக்கிறதோ அதை ஒட்டி வீடு தேடும் திசையே மாறிவிடும். ஆண்டின் நடுவில் மாற்றல் வந்தால், முதலில் வேலையில் சேருபவர் மட்டும் தனியாக வந்து சில வாரங்கள் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கி, ஊரைப் பார்த்துக்கொண்டு, குடும்பத்தை மே மாதத்தில் அழைத்துக்கொள்வது நல்லது.

மே, ஜூன் மாதங்களில்தான் வீடுகள் அதிகம் காலியாகும். அப்போதுதான் போட்டியும் அதிகம். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்சிக் குடியேற நம் மக்கள் தயங்குவார்கள். அந்த மாதங்களைப் பற்றி உங்களுக்குத் தயக்கம் இல்லையென்றால், காலியாகக் கிடக்கும் வீட்டை நிதானமாகப் பார்க்கவும் வாடகையைப் பேசிக் குறைக்கவும் வாய்ப்பு உண்டு. தயக்கம் உள்ளவர்களும் ஆடியிலேயே வீட்டைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் குடியேறலாம்.

கைபேசிச் செயலிகளில் வரும் வீடுகள் ஊரில் உள்ளவற்றில் ஒரு பகுதிதான். மதுரையில் இன்றும் கேட்டில் தொங்கும் ‘டு-லெட்’ அட்டைதான் முதல் விளம்பரம். தேர்ந்தெடுத்த பகுதியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருத்தெருவாக நடந்து, மளிகைக் கடைகளிலும் தேய்ப்புக் கடைகளிலும் கேட்டால், செயலியில் இல்லாத வீடுகள் தெரியவரும். புரோக்கர் மூலம் பார்த்தால் பெரும்பாலும் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பார்கள். வீட்டைக் காட்டும் முன்பே அந்தத் தொகையைப் பேசி முடித்துவிடுங்கள்.

பிடித்த வீட்டைக் குறைந்தது இரண்டு வேளைகளில் பாருங்கள். ஒன்று, நீங்கள் வேலைக்குக் கிளம்பும் அதே நேரத்தில். அங்கிருந்தே வண்டியை எடுத்து அலுவலகம் வரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மற்றொன்று இரவு 9 மணிக்கு மேல்; தெருவிளக்கு எரிகிறதா, நாய்த் தொல்லை எப்படி, நிறுத்தத்திலிருந்து வீடு வரை ஒரு பெண் தனியாக நடந்து வர முடியுமா என்பவை அப்போதுதான் தெரியும். திருவிழாக் காலத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கி வரும்போது மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரை போக்குவரத்து மாற்றப்படும். பொங்கல் நாளன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. முகூர்த்த நாள்களில் திருப்பரங்குன்றத்துச் சன்னதித் தெருப் பக்கம் திருமணக் கூட்டம். இவற்றுக்காக ஒரு பகுதியை ஒதுக்க வேண்டியதில்லை; அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையைப் பார்க்க ஊரே திரண்டு வரும் சாலையில் குடியிருப்பது கொடுப்பினை என்றே நான் சொல்வேன். ஆனால் அந்த நாள்களில் இரவுப் பணியோ மருத்துவமனைப் பணியோ இருப்பவர் மாற்று வழியை அறிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. சாதி, மதம், அசைவம், திருமணமாகாதவர் என்று ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லி வீடு மறுக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் ஒழியவில்லை. குடும்பத்தோடு போய் வாசலில் நின்று அந்தக் கேள்விகளை எதிர்கொள்வதைத் தவிர்க்க, தொலைபேசியிலேயே நிபந்தனைகளைக் கேட்டுவிடுங்கள். அப்படி நிபந்தனை போடும் வீட்டை விட்டுவிடுவதில் உங்களுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. ஆள் யார் என்று பார்க்காமல் வீடு கொடுப்பவர்களும் எல்லாப் பகுதிகளிலும் இருக்கிறார்கள்.

வாடகை, அட்வான்ஸ், ஒத்தி

வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். மின்சாரத்துக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை முதல் 100 யூனிட் கட்டணமில்லை. பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும். பல குடித்தனங்கள் ஒரே இணைப்பில் இருந்து, வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து ஒரே விலையில் யூனிட் கணக்குப் போட்டால், அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு கோடையில் நன்றாகவே தெரியும்.

அட்வான்ஸாக ஐந்து மாத வாடகை, பத்து மாத வாடகை என்று கேட்பவர்கள் உண்டு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அதாவது கூடுதல் தொகைக்கு நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால் அது செல்லும். ஆகவே கையெழுத்துப் போடும் முன் பேசுங்கள். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. வாடகைத் தகராறு இருந்தாலும் குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டிக்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் இணையம் வழியாகப் பதிய வேண்டும்.

மதுரையில் வாடகைக்கு மாற்றாக ஒத்தி முறை பரவலாக உள்ளது. பெரிய தொகை ஒன்றை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்பப் பெறுவது இதன் நடைமுறை. கையில் சேமிப்பு உள்ளவர்களுக்கு இது இலாபமாகத் தோன்றும். ஆனால் புதிதாக ஊருக்கு வருகிறவர்களை இதில் அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒத்தி என்பது சட்டப்படி ஓர் அடமானம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட அடமானத்தைப் பத்திரப் பதிவு செய்தாக வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இலட்சக்கணக்கில் பணம் கொடுத்தவர்கள், அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தது என்று பின்னால் அறிந்து அலைகிறார்கள். ஒத்திக்குத்தான் போவது என்று முடிவுசெய்தால், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். மூலப் பத்திரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். பதிவு செய்ய மறுப்பவரிடம் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை பல. ஆண்டுதோறும் வாடகை எவ்வளவு கூடும், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, வெள்ளையடிக்கும் செலவாக எவ்வளவு கழிப்பார்கள், மோட்டார் பழுதானால் யார் சரிசெய்வது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் பங்கு என்ன என்பவற்றை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். வேலை காரணமாக வருகிறவர்கள் மீண்டும் மாற்றலாகவும் கூடும் என்பதால், மாற்றல் உத்தரவு வந்தால் குறைந்த முன்னறிவிப்பில் காலி செய்யலாம் என்ற ஒரு வரியைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். சாவி வாங்கும் அன்றே, சாமான் இறக்கும் முன், மின் மீட்டரில் ஓடியிருக்கும் யூனிட், சுவர்களில் உள்ள விரிசல், கதவுத் தாழ்ப்பாள்கள், குழாய்கள், கழிவறைப் பீங்கான் ஆகியவற்றைப் படம் எடுத்து, அன்றைய தேதியிலேயே வீட்டுக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸைக் கணக்குத் தீர்க்கும் நாளில் அந்தப் படங்களை எடுத்துக் காட்டலாம்.